கிராண்ட் பியானோவின் கம்பிப் போர்வைக்குத் தாளில் அளவெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் குன்னூரில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பியானோ ட்யூன் செய்பவர், நான் தையல்காரி. அவர் போகிற வீடுகளில் கம்பிகளில் துருப்பொட்டு பார்த்துவிட்டு வந்து புலம்புவார். அப்படித்தான் நான் கம்பிப் போர்வை தைக்க ஆரம்பித்தேன். கோத்தகிரி, ஊட்டி என்றால் நேரில் போய் அளவெடுத்துவிடலாம். கொடைக்கானலில் இருந்து கேட்பவர்களுக்கு அது முடியாது. அதனால் தாளில் அளவெடுத்து அனுப்பச் சொல்கிறேன். போனில் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

கம்பிப் போர்வை என்பது பியானோவுக்கு மேலே போடுகிற உறைதானே?

இல்லை. அந்த உறை மூடிக்கு மேலே போடுவது. இது மூடியைத் திறந்தால் உள்ளே தெரிகிற இரும்புச் சட்டம், கம்பிகள் இவற்றின் மேல் படுக்க வேண்டிய துணி. பியானோவின் உட்சுவர் எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்து, ஓரத்தில் இடைவெளி தெரியாமல் உட்கார வேண்டும்.

தூசி எங்கே போகிறது என்று பார்த்தால் இதன் தேவை புரியும். ஒரு கிராண்ட் பியானோவில் இருநூறுக்கு மேல் கம்பிகள் இருக்கின்றன. அவற்றின் இடுக்கு வழியாக விழுகிற தூசி அடியில் இருக்கும் ஒலிப்பலகையில் போய் உட்காரும். அங்கே கை நுழையாது. மெல்லிய எஃகுத் தகட்டின் நுனியில் துணியைக் கட்டி, கம்பிகளுக்கு அடியில் இழுத்து இழுத்துத் துடைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் அரை நாள் குனிந்து அதைச் செய்துவிட்டு வந்தால் இரவில் தைலம் தேய்ப்பது என் வேலை.

மூடியை மூடியே வைத்திருக்கிறோமே, போதாதா?

தூசிக்கு ஓரளவு போதும். ஈரத்துக்குப் போதாது. நம் ஊரில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மேகமே வீட்டுக்குள் வந்துவிடும். குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஊட்டிக்கு மேற்கே ஆனி, ஆடியில். கொடைக்கானலிலும் ஐப்பசி மழைதான் பெரிது. அந்த மாதங்களில் ஒலிப்பலகை ஈரம் குடித்து உப்பும், சுருதி ஏறும். தை, மாசியில் காய்ந்து இறங்கும். நடுவில் எஃகுக் கம்பிகளில் ஆரஞ்சு நிறத்தில் பொட்டுப் பொட்டாகத் துரு பிடிக்கும். கீழ் ஸ்தாயிக் கம்பிகளைச் சுற்றியிருக்கிற செம்பு கறுத்துப்போய் ஒலி மங்கும்.

போர்வை இதையெல்லாம் நிறுத்திவிடாது. வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அறையின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் பியானோவுக்கு நல்லது. ஈரத்தை அந்த அளவில் வைத்திருப்பது போர்வையின் வேலை இல்லை. ஆனால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாறுகிற மலை ஈரம் நேராகக் கம்பியில் போய் மோதாமல் இது நடுவில் நிற்கும். ஏற்கெனவே கம்பி நனைந்திருக்கிறது என்றால் போர்வையைப் போடாதீர்கள். வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து மூடியைத் திறந்து வைத்து, காய்ந்த பிறகு போடுங்கள்.

பியானோ கம்பெனி பெயரும் மாடலும் சொன்னால் போதாதா? அளவு தெரிந்துவிடுமே?

நீளம் தெரியும். ஸ்டைன்வே எம் என்றால் 170 செ.மீ., பி என்றால் 211, மேடையில் வைக்கிற டி என்றால் 274. ஆனால் அது கீ பக்கத்தில் இருந்து, பின்னால் குறுகிப் போகிற வால் நுனி வரை வெளியே அளந்த நீளம். எனக்கு வேண்டியது உள்ளே இருக்கிற வடிவம்.

கிராண்ட் பியானோவின் பக்கச்சுவர் என்பது மெல்லிய மரத்தகடுகளைப் பல அடுக்காகப் பசை போட்டு, அச்சில் வளைத்துப் பிடித்து வைத்துச் செய்வது. ஸ்டைன்வேக்காரர்கள் 1880இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். அந்த வளைவை டேப்பை வைத்துக்கொண்டு அளக்க முடியாது. "இங்கே இவ்வளவு, அங்கே இவ்வளவு" என்று பன்னிரண்டு எண்களை ஒருவர் போனில் சொன்னார். வரைந்து பார்த்தேன், பூசணிக்காய் மாதிரி வந்தது. அப்புறம் மூடியைத் தாங்குகிற கட்டை எங்கே மாட்டியிருக்கிறது, நோட்ஸ் வைக்கிற ஸ்டாண்டு எதன் மேல் ஓடுகிறது என்பதெல்லாம் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி. பழைய பங்களாக்களில் இருக்கிற பியானோ என்றால் நடுவில் யாராவது ரிப்பேர் செய்து எதையாவது மாற்றியும் இருப்பார்கள். தாள் மட்டும்தான் பொய் சொல்லாது.

எந்தத் தாள் நல்லது?

பள்ளி நோட்டுக்கு அட்டை போடுகிற பிரவுன் பேப்பர். கொஞ்சம் கனமானதாக, சுருளாகக் கிடைப்பதாகப் பார்த்து வாங்குங்கள். செய்தித்தாள் வேண்டவே வேண்டாம். ஈரக் கையோடு தேய்த்தால் மை போய் ஒட்டும், மடிப்பும் சரியாக நிற்காது. சார்ட் அட்டை விறைப்பாக இருக்கும், ஓரத்தில் மடங்காமல் முறியும். பிளாஸ்டிக் விரிப்பு நழுவும்.

பியானோவின் உள் அகலம் நாலரை அடிக்குப் பக்கத்தில் வரும். ஒரு தாளில் பெரும்பாலும் அடங்காது, இரண்டை ஒட்டித்தான் ஆக வேண்டும். தரையில் விரித்து, மூன்று விரல் அளவு ஒன்றன்மேல் ஒன்று வைத்து, முழு நீளத்துக்கும் டேப் ஒட்டுங்கள். ஒட்டுவதெல்லாம் தரையில்தான், பியானோவுக்கு மேலே இல்லை. நுனியில் இரண்டு இடத்தில் மட்டும் டேப் போட்டு அனுப்பிய தாள் ஒன்று வந்தது. நடுவில் விரிந்து, விசிறி மாதிரி இருந்தது.

இப்போது மலைக்கு மட்டும் உரிய ஒரு விஷயம். தாளும் ஈரம் குடிக்கும். காய்ந்த கடையில் சுருட்டி வைத்திருந்த தாளைக் கொண்டுவந்து, மஞ்சு மூடிய அறையில் விரித்த உடனே அளவெடுத்தால், மறுநாள் அதே தாள் கொஞ்சம் வளர்ந்திருக்கும். நான் முதலில் நம்பவில்லை. இங்கே குன்னூரை ஒட்டிய வெலிங்டன் பக்கத்தில் ஒரு வீட்டில் நானே கார்த்திகை மாதம் எடுத்த தாளைத் தை மாதம் திரும்பக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். அகலத்தில் அரை விரற்கடை குறைந்திருந்தது. வெட்டியது நான், கத்தரிக்கோல் என்னுடையது, பியானோவும் அதே பியானோதான். தாள்தான் மாறியிருந்தது.

அதனால் தாளை வாங்கி வந்ததும் பியானோ இருக்கிற அறையிலேயே ஓர் இரவு விரித்து வையுங்கள். முடிந்தால் மழை ஓய்ந்த வாரமாகப் பாருங்கள். அவசரமாக மழைக்காலத்தில்தான் எடுக்க வேண்டும் என்றால், இன்னொரு வேலையையும் கூடவே செய்யுங்கள்: உள் அகலத்தையும் நடு நீளத்தையும் இரும்பு டேப்பால் அளந்து தாளிலேயே எழுதிவிடுங்கள். தாள் நீண்டாலும் எண் நீளாது. நான் ஒப்பிட்டுக்கொள்வேன்.

மூடியைத் திறக்க எங்களுக்கே பயமாக இருக்கிறது. எப்படித் திறப்பது?

பயம் நல்லதுதான். மூடி கனமானது, தனியாகத் தூக்காதீர்கள். தூக்குவதற்கு முன்னால் இடது பக்கம், அதாவது கீழ் ஸ்தாயிப் பக்கம், மூடியைப் பிடித்திருக்கிற கீல்களைப் பாருங்கள். பல பியானோக்களில் கீலின் ஆணி உருவி எடுக்கிற மாதிரி இருக்கும். வீடு மாற்றும்போது உருவியவர்கள் திரும்பப் போடாமல் விட்டிருப்பார்கள். ஆணி இல்லாமல் வலது பக்கத்தில் இருந்து தூக்கினால் மூடி அப்படியே இடப்பக்கம் சரிந்து விழும். எல்லா ஆணியும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு, முன் மடிப்பை மேலே புரட்டிப் போட்டு, இருவராக மூடியைத் தூக்கித் தாங்குகட்டையை அதற்குரிய குழியில் நிறுத்துங்கள். வேலை முடியும் வரை குழந்தைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

சரி, திறந்தாகிவிட்டது. அளவு எடுப்பது எப்படி?

மோதிரம், வளையல், சட்டைப்பை பேனா எல்லாவற்றையும் கழற்றி வேறு அறையில் வையுங்கள். கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். கம்பியை வெறும் விரலால் தொட்டால் வியர்வை உப்பு அங்கேயே தங்கும், அந்த இடத்தில்தான் முதலில் துரு வரும்.

உள்ளே பார்த்தால் முன்பக்கமாகக் கறுப்புக் கட்டைகள் வரிசையாக நிற்கும். அவைதான் டாம்பர். கீயை விட்டதும் கம்பியின் ஒலியை நிறுத்துபவை. ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய கம்பிக்காலில் நிற்கிறது. அழுத்தினால் கால் வளையும், வளைந்தால் ஒலி நிற்காமல் இழுக்கும். வீட்டுக்காரர் இதைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசுவார், நான் ஒரு வரியில் சொல்கிறேன்: டாம்பர் மேல் கையை ஊன்றாதீர்கள், எடை எதையும் வைக்காதீர்கள்.

இப்போது இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தாளை மெதுவாக உள்ளே இறக்குங்கள். சுற்றிலும் நாலு விரல் அளவாவது சுவரில் ஏறி நிற்கட்டும். இரும்புச் சட்டத்தில் கம்பிகளைவிட உயரமாக ஓடுகிற தடித்த பட்டைகள் இருக்கும். தாள் நகராமல் இருக்க, துண்டில் சுற்றிய புத்தகம் இரண்டை அந்தப் பட்டைகளின் மேல் வையுங்கள். அரிசிப் பை, மணல் பை வேண்டாம், கிழிந்தால் அவ்வளவுதான்.

இடது பக்கச் சுவர் நேராக இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். தாள் சுவரில் முட்டித் திரும்புகிற மூலையில் கட்டைவிரல் நகத்தால் ஒரு தடவை, பிறகு மரக்கரண்டியின் முதுகால் ஒரு தடவை அழுத்தி இழுங்கள். மெத்தை விரிப்பைக் கட்டிலின் ஓரத்தில் செருகுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். நேர்ச்சுவர் முடிந்து வாலுக்கு வந்தால் தாள் சுருங்கி மடிப்பு விழும். அந்த மடிப்பைச் சுவரின் மேலேயே விட்டுவிடுங்கள், கீழே இறங்க விடாதீர்கள். வலது பக்கத்தில் சுவர் உள்நோக்கி வளைகிற இடம்தான் கஷ்டம். அங்கே தாள் விறைத்துக்கொண்டு மூலைக்குப் போகாமல் பாலம் மாதிரி நிற்கும். மேலே தெரிகிற மடிப்பைப் பார்த்து "ஆயிற்று" என்று நினைப்பீர்கள், ஆனால் மூலை இன்னும் அரை அங்குலம் தள்ளி இருக்கும். அந்த இடத்தில் சுவரில் ஏறியிருக்கிற தாளில் நாலைந்து இடத்தில் வெட்டு விட வேண்டும். எங்கே என்று பென்சிலால் குறித்து, தாளை வெளியே எடுத்து, தரையில் வைத்து வெட்டி, திரும்ப இறக்குங்கள். அலுப்பான வேலைதான். பொருந்துகிற போர்வைக்கும் பொருந்தாத போர்வைக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இந்த ஒரு வளைவில்தான் இருக்கிறது.

தாங்குகட்டையும் வலது பக்கம்தான். அதன் அடி சுவரோடு சேருகிற இடத்தைக் குறித்துக்கொண்டு, தாளின் ஓரத்தில் இருந்து அதுவரை ஒரு கீறல். இதுவும் தரையில்தான். கட்டையைச் சுற்றித் தாள் படிந்ததும் அதன் உருவத்தை வரையுங்கள்.

எல்லாம் முடிந்தபின் தாளைத் தரையில் விரித்து, மடிப்பின் மேலேயே மென்மையான பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் மேல் வெட்டுங்கள். வெட்டிய தாளை ஒரு தடவை திரும்ப உள்ளே வைத்துப் பாருங்கள். எங்காவது இடைவெளி விழுந்தால் அங்கே ஒரு துண்டுத் தாளை ஒட்டி நிரப்புங்கள். புதிதாக முதலில் இருந்து எடுக்கத் தேவையில்லை. எனக்கு வருகிற நல்ல தாள்கள் பலவும் ஒட்டுப் போட்டவைதான்.

சாக்பீஸ், குண்டூசி பயன்படுத்தலாமா?

இரண்டும் கூடாது. சாக்பீஸ் தூள் கம்பிக்குள் இறங்கும். குண்டூசி ஒன்று ஒலிப்பலகையில் விழுந்தால் குறிப்பிட்ட ஒரு சுரம் வாசிக்கும்போதெல்லாம் "கிர்ர்" என்று அதிரும், எங்கே கிடக்கிறது என்று தேடுவதற்குள் உயிர் போய்விடும். பியானோவின் பாலிஷ் மேல் எந்த டேப்பையும் ஒட்டாதீர்கள். பழைய பாலிஷ் டேப்போடு உரிந்து வரும்.

ஓரத்தில் எவ்வளவு கழிக்க வேண்டும்?

ஒன்றும் கழிக்க வேண்டாம். சுவரில் முட்டினால் துணி மேலே தூக்கிக்கொள்ளும் என்பதால் கால் அங்குலம் குறைத்துத்தான் வெட்டுவேன், ஆனால் அது என் வேலை. நீங்களும் கழித்து நானும் கழித்தால் என்ன ஆகும்? கோத்தகிரிப் போர்வை ஒன்று அப்படித்தான் சுற்றிலும் அரை அங்குல அகழியோடு போய்ச் சேர்ந்தது. தாள் பியானோ இருக்கிறபடியே இருக்கட்டும்.

தாளில் என்னென்ன எழுத வேண்டும்?

தாள் பியானோவுக்குள் கிடக்கும்போதே, வெளியே எடுப்பதற்கு முன்னால், கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தில் பெரிய எழுத்தில் "மேல்" என்று எழுதுங்கள். முன் ஓரத்தில் "கீ பக்கம்". கட்டை இருக்கிற இடத்தில் "கட்டை". அப்புறம் உங்கள் பெயர், போன் நம்பர். எழுதும்போது சட்டத்தின் பட்டை அடியில் இருக்கிற இடமாகப் பார்த்து எழுதுங்கள்.

இதை வற்புறுத்தக் காரணம், நான் தைத்த முதல் போர்வை. அப்போது எனக்குக் கிராண்ட் பியானோவின் நேர்ப்பக்கம் இடதா வலதா என்பதே மனதில் பதியவில்லை. சுருளாக இருந்த தாளை விரித்தேன், எந்தப் பக்கம் விரிந்ததோ அந்தப் பக்கத்தையே மேல் என்று வைத்துத் துணியை வெட்டினேன். கம்பளித் துணிக்கு முகம் உண்டு. ஒரு பக்கம் மழமழவென்று சீவியிருக்கும், மறுபக்கம் சொரசொரப்பு. ஓரப்பட்டையும் தைத்து முடித்து, பெருமையாகக் கொண்டுபோய்ப் பியானோவில் போட்டால், வால் இருக்க வேண்டிய இடத்தில் வால் இருக்கிறது, வளைவு மட்டும் எதிர்ப்பக்கம். புரட்டிப் போட்டால் அச்சாகப் பொருந்தியது, ஆனால் சொரசொரப்பு மேலே, ஓரத்தையல் மேலே. அந்த வீட்டம்மா "பரவாயில்லைம்மா, உள்ளேதானே இருக்கப் போகிறது" என்றார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. வேறு துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன். அந்தப் பழையது இன்றும் என் அயர்ன் மேசையில் கிடக்கிறது.

போர்வை முன்பக்கம் எதுவரை வர வேண்டும்?

நோட்ஸ் ஸ்டாண்டின் பின் ஓரம் வரை போதும் என்பது என் கட்சி. கம்பிகளை முறுக்கி வைத்திருக்கிற ட்யூனிங் பின்கள் இருக்கிற பகுதியை ஸ்டாண்டே ஓரளவு மூடிக்கொள்ளும். அதற்கு அடியிலும் துணியைக் கொண்டுபோனால் ஸ்டாண்டை இழுக்கும்போதெல்லாம் துணி சிக்கும். ஸ்டாண்டைக் கழற்றியே வைத்திருப்பவர்கள் பின்கள் வரை எடுக்கலாம். எப்படியானாலும் நீங்கள் வாசிக்கும்போது ஸ்டாண்டு எங்கே நிற்குமோ அங்கே நிறுத்திவிட்டு அளவெடுங்கள்.

வாசிக்கும்போது எடுத்துவிட வேண்டுமா?

மூடியைத் திறந்து வாசிப்பதானால் எடுத்துவிடுங்கள். மூடியை மூடி, பயிற்சிக்கு வாசிப்பதென்றால் அப்படியே விடலாம். ஒலி கொஞ்சம் அடங்கும், பக்கத்து வீட்டார் வாழ்த்துவார்கள். துணி டாம்பர்களின் மேல் படுவதால் சிலருக்குக் கீ கனமாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் சொல்லுங்கள், முன்பாதியைப் பின்னால் மடித்துப் போடுகிற மாதிரி நடுவில் தையல் விட்டுத் தருகிறேன்.

என்ன துணி போடுகிறீர்கள்? வெல்வெட்டில் தைக்கலாமா?

நெருக்கமாக நெய்த கம்பளி. பில்லியர்ட்ஸ் மேசையில் பச்சையாக விரித்திருப்பார்களே, அந்தச் சாதி. அதே மாதிரி மேசையில் ஆடுகிற ஸ்னூக்கரின் விதிகளை எழுதி மாட்டிய கிளப் ஊட்டியில் இருக்கும்போது அந்தத் துணிக்கு இந்த மலையில் பஞ்சம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், நான் வெளியூரில் இருந்துதான் வரவழைக்கிறேன். கம்பளி ஈரத்தை வாங்கி மெதுவாக வெளியே விடும், நூல் உதிராது. செயற்கை வெல்வெட் தூசியை இழுக்கும், ஓரத்தில் பிசிறு உதிர்ந்து கம்பிக்குள் விழும். பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் அடியில் வியர்த்து, நாமே துருவுக்குத் தண்ணீர் ஊற்றிய கதைதான். பழைய சால்வையைப் போட்டு வைப்பவர்களும் உண்டு. ஒன்றும் இல்லாததற்கு அது மேல், ஆனால் பருத்தியாக இருந்தால் மழைக்காலத்தில் அடிக்கடி எடுத்து உலர்த்துங்கள்.

பூச்சி அரிக்காதா? எலி?

அந்துப்பூச்சி கம்பளிக்கு எதிரிதான். மாதம் ஒருமுறை எடுத்து வெளியே உதறி, இரண்டு பக்கமும் பிரஷ் போட்டால் முட்டை தங்காது. துவைக்காதீர்கள், சுருங்கி வேறு பியானோவுக்குத்தான் பொருந்தும். அந்துருண்டையைப் பியானோவுக்குள் போட வேண்டாம். எலிக்குப் போர்வையால் ஒன்றும் செய்ய முடியாது. அது கீழ்வழியாக வந்து கீக்கு அடியில் இருக்கிற ஃபெல்ட்டைக் கடித்துக் கூடு கட்டுகிற ஜாதி.

எங்களுடையது நிமிர்ந்து நிற்கிற அப்ரைட் பியானோ. அதற்கும் வேண்டுமா?

வேண்டாம். அதன் கம்பிகள் செங்குத்தாகப் பெட்டிக்குள் இருக்கின்றன.

தாளை எப்படி அனுப்புவது?

மடிக்காமல் சுருட்டி அனுப்புங்கள். மடித்த தாளில் எது அளவு மடிப்பு, எது தபால் மடிப்பு என்று எனக்குக் குழம்பும். பிளம்பிங் கடையில் கிடைக்கிற பிவிசி பைப் துண்டு ஒன்றுக்குள் செருகி, இரண்டு முனையையும் பாலிதீன் கவரால் கட்டிவிட்டால் மழையில் நனைந்தாலும் கவலையில்லை. அனுப்புவதற்கு முன் தாள் பியானோவுக்குள் கிடக்கிறபடி மேலே இருந்து ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கள். வந்ததும் நானும் ஓர் இரவு விரித்து வைத்துவிட்டு, மறுநாள் நீங்கள் எழுதிய எண்களோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியை எடுப்பேன். வித்தியாசம் இருந்தால் போன் வரும். பெரும்பாலும் காலையில், மின்சாரம் போவதற்கு முன்னால்.